ஹைஸ்கூல்ல ஆர்ட் எடுத்திருக்கீங்களா? ஸ்கெட்ச்புக்ல இருந்து ஆரம்பிங்க

ஆர்ட் எடுத்தவங்க நிறைய பேர் கடைசியா சப்மிட் பண்ற பெயின்டிங் மேலதான் மொத்த உழைப்பையும் கொட்டுறாங்க, ஸ்கெட்ச்புக் ஏதோ ரஃப் நோட்டு மாதிரி மூலையில கிடக்கும். என்னைக் கேட்டா இது அப்படியே தலைகீழ். கை வளர்றது ஸ்கெட்ச்புக்லதான், ஒரு ஐடியா எங்க ஆரம்பிச்சு எப்படியெல்லாம் மாறுச்சுன்னு மத்தவங்களுக்குத் தெரியறதும் அதுலதான். அதனால பக்கத்தைக் கிழிக்காதீங்க, சரியா வராததையும் தேதி போட்டு வைங்க, பக்கத்துலயே ரெண்டு வரி எழுதுங்க, எங்க இடிச்சுது அடுத்து என்ன மாத்தப் போறேன்னு, அவ்ளோ போதும்.

முதல்ல கண்ணைப் பழக்கணும். ஒரு சாதா டம்ளரை டேபிள்ல வச்சுட்டு எதிர்ல உக்காந்து வரைங்க. அதோட வாய் வட்டம்னு நமக்குத் தெரியும், ஆனா உக்காந்த இடத்துல இருந்து பார்த்தா ஒடுங்கின நீள்வட்டமாத்தான் தெரியும், அடிப்பகுதி கண் மட்டத்துக்கு இன்னும் கீழ இருக்கறதால அந்த வளைவு வாயை விட நல்லாவே உருண்டு தெரியும். முக்காவாசி பேர் டம்ளர் டேபிள்ல தட்டையா நிக்குதேன்னு அடியில ஒரு நேர்கோட்டை இழுத்துடுவாங்க, உடனே டம்ளர் அந்தரத்துல தொங்கும்! தெரிஞ்சதை விட்டுட்டு தெரியறதை வரையணும், இந்த ஒண்ணு பிடிபட்டாலே முகம், கை, கட்டடம் எல்லாமே வழிக்கு வரும்.

அளவு சந்தேகமா இருந்தா கையை முழுசா நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியையும் கட்டைவிரலையும் வச்சு அளந்து பாருங்க, முழங்கை மட்டும் மடங்கக் கூடாது, மடங்குனா அளவு ஒவ்வொரு தடவையும் மாறும். நாற்காலி மாதிரி சிக்கலான பொருள்னா கால்களை வரையாம கால்களுக்கு நடுவுல இருக்கிற காலி இடத்தோட வடிவத்தை வரைங்க, நாற்காலி தானா வந்து நிக்கும்.

பென்சில் பெட்டி பெட்டியா வேணாம், எச்பி, 2பி, 6பி இருந்தா தாராளம். பி நம்பர் ஏற ஏற மெத்துனு கருப்பா வரும், எச் ஏறுனா கெட்டியா வெளிறி வரும். ஷேடிங் பண்ணும்போது கண்ணைப் பாதி சுருக்கிப் பாருங்க, சின்னச் சின்ன விவரம் மறைஞ்சு வெளிச்சம், நடுத்தரம், இருட்டுன்னு மூணு பெரிய பகுதியா பிரிஞ்சு தெரியும். உருண்டையான பொருள்ல ஓரம்தான் ரொம்ப கருப்புன்னு நினைச்சுத் தேய்க்காதீங்க, டேபிள்ல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம் ஓரத்துல லேசா ஏறியிருக்கும், கடும் இருட்டு அதுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும்.

ஆளுங்களை வரையறதுன்னா 30 செகண்ட், 2 நிமிஷம்னு டைமர் வச்சு அசைவை மட்டும் பிடிங்க, மூக்கு கண்ணு எல்லாம் அப்புறம்.

ஆர்ட்டிஸ்ட் ஸ்டடின்னு, அதாவது ஒரு ஓவியரோட வேலையைப் படிச்சுப் பார்க்கறதுன்னு, பிறந்த வருஷம் வாழ்க்கை வரலாறுன்னு காப்பி பண்ணி ஒட்டுறாங்களே, அதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல. ஜப்பான் ஓவியர் ஹோகுசாயோட அந்தப் பெரிய அலை படத்தை எடுத்துக்கோங்க, 1831 வாக்குல வந்த மரச்செதுக்கு அச்சு. அதைத் தீப்பெட்டி சைஸ்ல, மூணே டோன்ல வரைஞ்சு பாருங்க. ஃபூஜி மலை எவ்ளோ சின்னதா தூரத்துல, இன்னொரு அலை மாதிரியே நிக்குதுன்னும், பெரிய அலையோட வளைவு உங்க கண்ணை அந்த மலைகிட்டயே கொண்டு போய் விடுதுன்னும் உங்க கையே சொல்லிடும், எழுத வேண்டியது அதைத்தான். நகல் எடுக்க வெக்கப்படாதீங்க, ஓவியர் வான்கோவே 1887ல ஹிரோஷிகேன்னு இன்னொரு ஜப்பான் ஓவியரோட அச்சுப்படங்களைப் பார்த்து ஆயில்ல வரைஞ்சிருக்கார், ஆனா யாரோட படம்னு கீழ கண்டிப்பா எழுதுங்க.

கலர்ல ஒண்ணு ரெண்டு விஷயம். வாட்டர்கலர்ல லைட்ல இருந்து டார்க்குக்குப் போங்க, வெள்ளை வேணும்னா பேப்பரோட வெள்ளையையே விட்டு வைக்கணும், பேப்பர் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை கிராம்ல) இருந்தா ரொம்பச் சுருளாது. அக்ரிலிக் சீக்கிரம் காஞ்சிடும், பிரஷ்ஷை உடனே கழுவலைன்னா அது அவ்ளோதான். கருப்பை ட்யூப்ல இருந்து அப்படியே எடுக்காம அல்ட்ராமெரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்து பாருங்க, நிழல்ல உயிர் இருக்கும்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது உங்க படங்களோட தொகுப்புக்கு, போட்டோ எடுக்கும்போது வெயில் நேரா படாத ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் ஆஃப், கேமரா படத்துக்கு நேரா இருக்கணும், சாஞ்சா படம் கோணலாயிடும். கண்ணாடி ஃப்ரேம் போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, போட்டப்புறம் எடுத்தா கண்ணாடில ஜன்னலும் நீங்களும்தான் தெரிவீங்க.