கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு

சீசன் டிக்கெட்டை மாதா மாதம் எடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்துவிடுங்கள். மாதக் கட்டணத்தைப் போல 3 மடங்கு வாங்குவதில்லை, 2.7 மடங்குதான். ஒவ்வொரு மாதமும் 10 சதவீதம் மிச்சம். ரூபாயை முழுதாக்குவதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மாதத் தொடக்கத்தில் கவுன்டர் முன் நீளும் வரிசையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான்.

ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஒரு வருடத்துக்கு 10.8 மடங்கு. அதாவது கழிவு அதே 10 சதவீதம்தான், கூடுவதில்லை. அதனால் பெரிய தொகையை மொத்தமாக முடக்கத் தேவையில்லை, மூன்று மாதமே போதும் என்பது என் கருத்து. முதல் வகுப்புக்கும் இதே கணக்குதான்.

வீடோ வேலையோ மாறப்போகிறது என்றால் இது வேண்டாம். சீசன் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. நடுவில் கல்லூரி விடுமுறை வருகிற மாணவர்களும், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். மெட்ரோவுக்கு இந்தச் சீசன் செல்லாது, அது தனி.