எஸ்டேட் பக்கத்துக் கம்பெனிகளில் ஊழல் தடுப்பு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை நம்பிப் பிழைக்கும் சின்னக் கம்பெனிகள் நிறைய. குலை ஏற்றும் லோரிக்காரர்கள், குலை வெட்டவும் மருந்தடிக்கவும் ஆள் அனுப்பும் குத்தகைக்காரர்கள், உரமும் பூச்சிமருந்தும் சப்ளை பண்ணும் கடைகள். இவர்களின் கணக்கு வழக்குகளைத் தணிக்கை செய்வது என் பிழைப்பு.

இப்போதெல்லாம் கோலாலம்பூரில் படித்துவிட்டு வரும் மகனிடமோ மகளிடமோ "இனி ஊழல் தடுப்பையும் நீதான் பார்த்துக்கணும்" என்று அப்பா பொறுப்பைத் தள்ளிவிடுகிறார். கணக்கு, இ.பி.எப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), ஆள் சேர்ப்பு எல்லாவற்றுக்கும் மேல் இது ஒன்று. நாங்கள் அந்தக் காலத்தில் எங்கெல்லாம் விழுந்தோமோ, அதே இடங்களில் இந்தப் பிள்ளைகளும் போய் விழுகிறார்கள். லஞ்சம் வாங்காதே, வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதே என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாமல் யாரும் இந்த நாற்காலியில் உட்காருவதில்லை.

"நம்ம கம்பெனி சின்னதுதானே"

மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கம்பெனிக்காக வேலை பார்க்கும் ஒருவர், கம்பெனிக்கு ஒரு காரியம் முடியவேண்டும் என்று லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். லஞ்சத் தொகையின் 10 மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மண்டோர் (வேலைக் கும்பலை மேய்க்கும் மேஸ்திரி) எங்கோ நீட்டிய ஐந்நூறு வெள்ளிக் காப்பிக்காசாக இருந்தாலும் அபராதக் கணக்கு 10 லட்சத்தில்தான் தொடங்கும்.

கம்பெனி பெரிதா சின்னதா என்று சட்டம் பார்ப்பதில்லை. சென்டிரியான் பெர்ஹாட் மட்டுமல்ல, இரண்டு அண்ணன் தம்பி சேர்ந்து பதிந்த கூட்டு வியாபாரமும் இதில் வரும். டைரக்டர்களும் குற்றவாளிகளாகவே கருதப்படுவார்கள். தனக்கு இதில் சம்மதம் இல்லை, செய்யவேண்டிய கவனத்தோடுதான் நடந்துகொண்டேன் என்று அவர்களே நிரூபிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது அந்த நிரூபணத்தில் பாதிகூட இல்லை. கம்பெனிக்கு இருக்கும் ஒரே தற்காப்பு, லஞ்சத்தைத் தடுக்கப் போதுமான நடைமுறைகள் எங்களிடம் இருந்தன என்று காட்டுவது. அந்த நடைமுறைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2018 டிசம்பரிலேயே பிரதமர் துறை வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. 2021 மார்ச்சில் முதல் கம்பெனி மீது வழக்கும் வந்துவிட்டது.

இறக்கி எடுத்த கொள்கை அறிக்கை

ஊழல் தடுப்புக் கொள்கை அறிக்கையை இணையத்திலிருந்து எடுத்தால், அதில் கிடக்கும் பழைய கம்பெனியின் பெயரையாவது அழித்துவிடுங்கள்.

கூப்பிட்டுக் கேட்டுவிடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று கோபம் வருவது இந்த ஒரு தவறில்தான். ஒருவர் மேல் சந்தேகம் வந்தவுடன், அதே சூட்டில் அவரை அறைக்குள் கூப்பிட்டு "உண்மையா?" என்று கேட்டுவிடுவது. கேட்பவருக்கு அது நேர்மையாகத் தோன்றுகிறது. முகத்துக்கு நேரே பேசினோம், முதுகுக்குப் பின்னால் பேசவில்லை என்று ஒரு திருப்தி.

பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குத்தகைக் கம்பெனி. தோட்டங்களுக்கு மருந்தடிக்க, உரம் போட, குலை வெட்ட ஆள் அனுப்புகிறது. பெரும்பாலும் இந்தோனேசியாவின் லொம்போக், வங்காளதேச ஆட்கள்; நம்மவர்கள் கொஞ்சம். மருந்தடிக்கும் கும்பலில் இருந்த ஓர் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி மகனிடம் வந்து சொல்லியிருக்கிறார்: "தம்பி, ஊருக்குத் திரும்பிப் போனவங்க பேரெல்லாம் இன்னும் செக்ரோல்ல ஓடுது. அவங்க பேங்க் கார்டு ஆபீஸ் மேசையிலதான் கிடக்குது." (செக்ரோல் என்றால் கூலிப் பட்டியல்.) ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு, ஒவ்வொரு கார்டின் முதுகிலும் வெள்ளை டேப், டேப்பில் பின் நம்பர். அத்தனை துல்லியமாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்.

இப்படி இல்லாத ஆள் பெயரில் கூலி எடுக்கும் பேய்ப்பெயர் மோசடி எங்கே நடக்கும் என்று புதியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. குலை வெட்டுக்குக் கூலி டன் கணக்கில். இல்லாத ஆளுக்குக் குலை எங்கிருந்து வரும்? இன்னொருவர் வெட்டியதைத் திருடித்தான் அவன் பெயரில் எழுத வேண்டும், உடனே சண்டை வரும். அதனால் அங்கே கஷ்டம். மருந்தடிப்பு, உரம், புல்வெட்டு போன்ற நாள்கூலி வேலைகளில் பெரட்டில் (காலையில் ஆளை நிறுத்திப் பெயர் எழுதும் வருகைப் பதிவில்) பெயர் விழுந்தால் போதும். அந்த அக்கா சொன்னது அப்படியே பொருந்தியது.

மகன் என்ன செய்தார்? அன்றைக்கு மதியமே, செக்ரோல் எழுதும் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியைக் கூப்பிட்டார். "மாமா, இப்படி ஒரு பேச்சு வருது. உண்மையா சொல்லுங்க." கிராணி அவருடைய அப்பா காலத்து ஆள். கண் கலங்கினார். "உங்களைத் தூக்கி வளர்த்தவன் தம்பி நான்" என்றார். மகனுக்கு மனசு கேட்கவில்லை. "சரி மாமா, திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் "வைரஸ் வந்து" துடைக்கப்பட்டிருந்தது. பெரட்டுப் புத்தகங்கள் கூரை ஒழுகி நனைந்ததால் எரிக்கப்பட்டனவாம். அந்த வார இறுதியில் மழை பெய்ததா என்று நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. கார்டுக் கட்டு காணோம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பக்கம் வந்த ஒரே தொழிலாளி அந்த அக்காதான் என்பதால், யார் சொன்னது என்று கண்டுபிடிக்க மண்டோருக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுநாளே அவரைக் கடைசிப் பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லாம் போனபின் ஸ்டோர் புத்தகம் மட்டும் தப்பியிருந்தது. ஸ்டோர்காரர் வேறு ஆள், அவருக்கு இந்த விஷயமே தெரியாது. மருந்தடிக்கும் கும்பல் காலையில் 14 பம்பு எடுத்துப் போய் மாலையில் 14 பம்பு திருப்பித் தந்ததாக நாள்தோறும் எழுதி வைத்திருந்தார். பேங்க் பட்டியலில் அதே கும்பலுக்குச் சம்பளம் 19 பேருக்குப் போயிருந்தது. மீதி ஐந்து பேர் வெறுங்கையால் மருந்தடித்தார்களா? ஆக, பணம் போனது உறுதி. யார் எடுத்தார் என்பதற்குத்தான் ஒன்றுமில்லை. பணம் எடுத்த மெஷினின் சி.சி.டி.வி. பதிவைக் கேட்கலாம் என்று யோசனை வந்தபோது காலம் கடந்திருந்தது. பேங்குகள் அதை என்றென்றும் வைத்திருப்பதில்லை.

அடுத்து நடந்ததுதான் உச்சம். "ராஜினாமா எழுதிக் கொடுத்திடுங்க மாமா, பிரச்சினையை இதோட விட்டுடலாம்" என்று மகன் சொல்ல, கிராணியும் எழுதிக் கொடுத்தார். பிறகு யாரோ சொல்லிக் கொடுத்து, கட்டாயப்படுத்தி எழுத வாங்கினார்கள் என்று தொழிலுறவுத் துறைக்குப் போனார். வேலை போன 60 நாளுக்குள் மனுக் கொடுக்கத் தொழிலுறவுச் சட்டம் 1967 இடம் தருகிறது. கம்பெனியிடம் உள்விசாரணை அறிக்கை இல்லை, காரணம் கேட்டு ஒரு கடிதம் இல்லை. கடைசியில் அவருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துச் சமரசம் ஆனார்கள். ஊழியர் மோசடிக்கு எடுத்து வைத்திருந்த இன்சூரன்ஸ் நிறுவனமோ, யார் செய்தது என்பதற்கு ஆதாரம் கேட்டுக் கோப்பை மூடிவிட்டது. கிராணி இப்போது பக்கத்துத் தோட்டத்தில் அதே வேலையில் இருக்கிறார்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? தகவல் வந்த நாளில் முகத்தில் எதையும் காட்டக்கூடாது. விஷயம் இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. அந்த இரண்டு பேரில் ஒருவர் சந்தேகத்துக்குரியவரின் சொந்தமாக இருக்கக்கூடாது. (எஸ்டேட் ஊரில் இதுவே பெரிய சவால். யாராவது யாருக்காவது சம்பந்தியாகத்தான் இருப்பார்கள். அதனால்தான் வெளியாளைக் கூப்பிடச் சொல்கிறேன்.) முதலில் நகல்கள். செக்ரோல், பெரட்டுப் புத்தகம், ஸ்டோர் புத்தகம், பேங்குக்கு அனுப்பிய சம்பளப் பட்டியல், இ.பி.எப். சொக்சோ பதிவுகள், பெர்மிட் நகல்கள், ஊர் திரும்பியவர்களின் விமான டிக்கெட் தேதி. இவற்றில் பாதி கிராணியின் அறைக்கு வெளியே, வேறு ஆட்களிடமும் வேறு நிறுவனங்களிடமும் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். கம்பெனிச் சட்டம் 2016-இன்படி கணக்குப் பதிவேடுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், "எரித்துவிட்டோம்" என்பதே தனிக் குற்றச்சாட்டு ஆகும்.

கம்ப்யூட்டரை நீங்களே திறந்து துழாவாதீர்கள். திறந்த கோப்பின் தேதிகள் மாறிவிடும், அப்புறம் "நீங்கள்தான் மாற்றினீர்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். விஷயம் தெரிந்த ஆளை வைத்து ஹார்ட் டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து, மூலத்தைப் பொட்டலம் கட்டி, யார் கையில் எப்போது இருந்தது என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது தலை எண்ணுவது. காலை பெரட்டில் பெயர்ப் பட்டியலோடு போய் நின்று ஆளை எண்ணுங்கள். ஆனால் அந்த ஒரு கும்பலை மட்டும் எண்ணினால் அதுவே தண்டோரா. பெர்மிட் சரிபார்ப்பு என்று சொல்லி எல்லாக் கும்பலையும் ஒரே காலையில் எண்ண வேண்டும்.

இத்தனையும் கையில் வந்தபிறகுதான் அவரிடம் பேச்சு. விசாரணை நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு மிகாமல், பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, வேலையிலிருந்து நிறுத்தி வைக்க வேலைச் சட்டம் 1955-இன் 14ஆவது பிரிவு வழி தருகிறது; குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். காரணம் கேட்கும் கடிதம், அப்புறம் இதில் சம்பந்தப்படாத ஒருவர் தலைமையில் உள்விசாரணை. உங்கள் முதல் கேள்வி "எடுத்தீர்களா?" என்று இருக்கக்கூடாது. "செக்ரோல் எழுதும் வேலை எப்படி நடக்கும், ஒன்றிலிருந்து சொல்லுங்கள்" என்று ஆரம்பியுங்கள். தெரிந்ததையே சொல்ல விடுங்கள். 14 பம்பு, 19 சம்பளம் என்ற தாளைக் கடைசியில் வையுங்கள்.

தகவல் சொன்ன அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010 காப்பது, போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் மாதிரி அமலாக்கத் துறையிடம் போய்ச் சொன்னவரை. முதலாளியிடம் மட்டும் சொன்னவருக்கு அந்தச் சட்டத்தின் குடை இல்லை. அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். எங்கே போய்ச் சொல்வது என்று அவரே முடிவு செய்யட்டும்.

வாங்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை

பெருமையாகச் சொல்வார்கள்: "கவரை நீட்டினான் சார், நான் தொடவே இல்லை." நல்லது, புகார் செய்தீர்களா என்று கேட்டால் முழிப்பார்கள். அதே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, லஞ்சம் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் வந்தால் ஆணையத்திடமோ போலீசிடமோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உங்களிடம் லஞ்சம் கேட்டவரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான், தண்டனை அளவு மட்டும் குறைவு. குலை தரம் பிரிக்கிறவரிடம் லோரிக்காரர் கவர் நீட்டுவதும், அவர் சிரித்துக்கொண்டே மறுத்து அனுப்புவதும் ஆலை வாசலில் சாதாரணமாக நடப்பது. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவதில்லை என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவையுங்கள்.

லீவே போடாத நல்லவர்

கட்டாய லீவில் அனுப்புங்கள், அந்த நாட்களில் அவர் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். ஏதாவது மறைந்திருந்தால் அப்போது வெளியே வரும்.

தீபாவளி ஹம்பர்

பரிசுக்கூடையைத் தோட்ட மேனேஜர் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆபீசுக்கு அனுப்பி, பதிவேட்டில் விலையோடு எழுதுங்கள். குத்தகை புதுப்பிக்கும் மாதமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

ரன்னரின் பில்

பெர்மிட், லைசென்ஸ், லோரி பரிசோதனை என்று அரசு அலுவலகங்களுக்கு அலைய நம் பக்கத்தில் ரன்னர் வைத்துக்கொள்வது வழக்கம். அதில் தவறில்லை. அவர் நம் கம்பெனி ஆள் இல்லை, அவர் என்ன செய்தாலும் நமக்கென்ன என்று நினைப்பதுதான் தவறு. கம்பெனிக்காக, கம்பெனி சார்பில் சேவை செய்யும் யாரும் 17ஏ பிரிவில் கம்பெனியோடு தொடர்புடையவராகவே எண்ணப்படலாம். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை.

அவர் பில்லை எடுத்துப் பாருங்கள். அரசுக் கட்டணத்துக்கு அரசு ரசீது இருக்கும். அவருடைய கூலி தனி வரியில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து "சேவைக் கட்டணம்" என்று ஒரே தொகை போட்டிருந்தாலோ, வழக்கமாக மூன்று வாரம் ஆகும் காரியம் மூன்றே நாளில் முடிந்து அந்த மாதம் மட்டும் தொகை இரட்டித்திருந்தாலோ கேட்க வேண்டும். அதைக் கணக்கில் "இதர செலவு" என்று தள்ளிவிடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். ரசீது இல்லாத வரிக்குக் காசு கிடையாது என்று முதல் பில்லிலேயே சொல்லிவிடுவது சுலபம். நாலாவது பில்லில் சொன்னால், முதல் மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டது யார் என்று அவர் திருப்பிக் கேட்பார்.