மெல்லாதீர்கள், கொடுப்பில் அடக்குங்கள்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். கண் விழித்ததும் ஒரு தம், டீயோடு ஒரு தம், ஜாப் செட்டிங் முடிந்தால் இன்னொன்று. இப்போது சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். ஊதிப் பார்க்கும் டெஸ்டில் தெரிந்தது. நுரையீரலில் போனது போனதுதான். புகையை நிறுத்தினால் மிச்சம் இருப்பது தேய்கிற வேகம் குறையும் என்றார் டாக்டர். நிக்கோடின் சூயிங்கமும், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பேட்சும் வைத்துத்தான் நிறுத்தினேன். அந்த வழியில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"அதுவும் நிக்கோடின்தானுங்களே மாமா, நெஞ்சுக்கு ஆகுமா?" என்று என் மாப்பிள்ளை கேட்டார். நிக்கோடின் நம்மை அடிமையாக்கி வைத்திருக்கும், அது உண்மை. ஆனால் நுரையீரலைக் கெடுப்பது புகை, அதிலுள்ள தாரும் நச்சு வாயுக்களும். பயந்துகொண்டு அரைகுறையாக எடுக்கிறவர்தான் சாயங்காலம் பெட்டிக்கடை முன்னால் போய் நிற்கிறார். எடுப்பதென்றால் போதுமான அளவு எடுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பேட்ச் நாள் முழுக்கச் சீராக நிக்கோடின் கொடுக்கும். திடீரென்று வரும் வெறிக்குச் சூயிங்கம். ஒன்றை மட்டும் நம்புவதைவிட இரண்டும் சேர்ந்தால் விடுவதற்கான வாய்ப்பு கூடுதல். நாளைக்குப் பத்துக்கு மேல் பிடித்தவருக்குப் பொதுவாக 21 மில்லிகிராம் பேட்சில் 6 வாரம், அப்புறம் 14-இல் 2 வாரம், 7-இல் 2 வாரம். மேல் கையிலோ மார்பிலோ முடியில்லாத, எண்ணெய்ப் பசையில்லாத இடத்தில் ஒட்டுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். ராத்திரி கெட்ட கனவு துரத்தினால் படுக்கும்போது எடுத்துவிடலாம்.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம், மற்றவர்களுக்கு 2. நம் ஊரில் 2-ஐ மருந்துக் கடையில் அப்படியே வாங்கலாம். 4-க்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

சரி, முக்கியமான விஷயம். இது பபிள்கம் இல்லை. வெறித்தனமாக மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகச் சில கடி கடியுங்கள். மிளகுக் காரம் மாதிரி சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவது போலக் கொடுப்பில் அடக்கிவிடுங்கள். கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் நிக்கோடின் ரத்தத்தில் சேரும். காரம் அடங்கியதும் மறுபடி கடித்து, மறுபக்கக் கொடுப்பில் அடக்குங்கள். அரை மணி நேரம் இப்படியே. முதல் 6 வாரம் ஒன்று, இரண்டு மணிக்கொரு முறை போடலாம், வெறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பல்செட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பவர்களுக்குச் சப்புகிற நிக்கோடின் மாத்திரை இருக்கிறது.

டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா எல்லாம் நிக்கோடின் வாயில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே எதுவும் குடிக்காதீர்கள். டீக்கடைக் கூட்டம் சிரிக்கும். "என்னங்ண்ணா, மிட்டாய் சப்பறீங்களா?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூச்சு நோயாளிகள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. டெரிபிலின் போன்ற தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிகரெட்டை நிறுத்தப்போவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கழிப்பதற்குப் புகைதான் காரணம். புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். படபடப்பு, குமட்டல், வாந்தி வரும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். பேட்சிலும் சூயிங்கத்திலும் உள்ள நிக்கோடின் கல்லீரலை அப்படி வேகப்படுத்தாது. காபிக்கும் இதே கதைதான். கை நடுங்கினால் சிகரெட் இல்லாததால் என்று நினைக்காமல் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். ஆனால் சளி நிறம் மாறி, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பீடி, ஹூக்கா, மூலிகை சிகரெட் எதுவும் மாற்றல்ல, அவையும் புகைதான். இ-சிகரெட் 2019-லிருந்தே நாட்டில் தடை.

நடுவில் ஒரு தம் அடித்துவிட்டால் பேட்சைப் பிய்த்தெறிய வேண்டாம், அப்படியே தொடருங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்; பேச ஆள் கிடைப்பார்கள். கழற்றிய பேட்சில் நிக்கோடின் இன்னும் மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத குப்பைத் தொட்டியில் போடுங்கள்.