ஜிம்மி வீட்டில் இருக்கட்டும்: பினாங்கு தேசியப் பூங்காவுக்கு முதல் நடை

மலேசியாவின் பினாங்குத் தீவில், தெலுக் பஹாங் பக்கம் காட்டுக்குப் போகிறேன் என்றாலே, "நாயையும் கூட்டிட்டுப் போலாமா?" என்று யாராவது கேட்பார்கள். கூடாது. 2003-இல் தேசியப் பூங்காவான இடம் அது. வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. காரணமும் உண்டு. பூங்காவுக்குள் இருக்கும் கெராச்சுட் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. பச்சை ஆமையின் ஒரு குழியில் சுமார் நூறு முட்டைகள் இருக்கும். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் அவ்வளவும் போச்சு.

ஆகவே முதல் படி, நாய்க்குச் சோறு, தண்ணீர், பார்த்துக்கொள்ள ஓர் ஆள். காரில் விட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் கார் அடுப்பாகிவிடும்.

அடுத்து, 101-ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங்கில் இறங்கி, பூங்கா வாசலில் பெயரைப் பதியுங்கள். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, மறக்க வேண்டாம்.

மூன்றாவது படிதான் முக்கியம்: பையை எப்படிக் கட்டுவது? குரங்குக்கு பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு. முதல் தடவை நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் தொங்கவிட்டு நடந்தேன். ஒரு தாட்டியான குரங்கு இறங்கி வந்து, கடன் வசூலிப்பதுபோல் பிடுங்கிக்கொண்டு போனது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் ஜிப் வைத்த முதுகுப் பைக்குள் போகட்டும். குரங்கு கிட்டே வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. ஓடாமல் மெல்ல விலகுங்கள். பாவம் என்று ஒரு கடலைகூடக் கொடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் பாதை பிரியும். கரையோரமாகப் போனால் குரங்குக் கடற்கரை. மேடேறினால் கெராச்சுட், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். அங்கே ஆமைப் பாதுகாப்பு மையமும், மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாகக் கலக்காமல் கிடக்கும் ஏரியும் இருக்கின்றன. வறண்ட மாதங்களில் ஏரி வற்றிவிடும். கடலில் மட்டும் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். உடும்பு குறுக்கே வந்தால் நின்று வழிவிடுங்கள்.

திரும்பி நடக்கத் தெம்பில்லையா? படகு உண்டு, ஏறுமுன் விலை பேசிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலணியை வாசலிலேயே கழற்றிக் கழுவுங்கள். நான் ஒருநாள் அப்படியே விட்டுவிட்டேன். என் நாய் ஜிம்மி அரைமணி நேரம் அதை மோந்துகொண்டே என்னை முறைத்தான்.