ஷெட்லாந்துக்கு வருகிறீர்களா? கையில் ஒரு நாளை உபரியாக வையுங்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளின் முக்கிய ஊர் லெர்விக். அங்கே வேலை உறுதியானதும் புதியவர்கள் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலையைத்தான். நான் முதலில் சொல்வது வேறு. லண்டனில் இறங்கும் நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் நடுவே ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். ஊருக்குத் திரும்பும்போதும் அப்படியே. இங்கே கால அட்டவணை பாதி. மீதியை மூடுபனியும் காற்றும்தான் முடிவு செய்யும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தங்கையின் கல்யாணம் வைகாசி முகூர்த்தத்தில். காலை விமானத்தில் ஷெட்லாந்தின் சம்பர்க் விமான நிலையத்திலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம், அங்கிருந்து லண்டன், அன்று இரவே இந்தியா என்று மூன்று டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்திருந்தேன். லெர்விக்கில் நல்ல வெயில். 40 கிலோமீட்டர் தெற்கே, தீவின் முனையில் இருக்கும் விமான நிலையத்தில் கடல்மூடுபனி இறங்கி ஓடுபாதையே தெரியவில்லை. மதியம்வரை காத்திருந்தும் விமானம் இல்லை. அன்று மாலைக் கப்பலைப் பிடித்தேன்; அதற்குள் லண்டன் விமானம் கைவிட்டுப் போயிருந்தது. தாலி கட்டிய மறுநாள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பந்தலில் கட்டிய வாழைமரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்படி எடுத்தால், நடுவில் ஒரு விமானம் ரத்தானாலும் அடுத்த இணைப்பில் உங்களை ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக எடுத்தால் நட்டம் முழுவதும் உங்கள் தலையில். கல்யாணம், காரியம் என்று தள்ளிப்போட முடியாத பயணமாக இருந்தால் இரண்டு நாள் முன்பே கப்பலேறி அபர்டீனில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அறை வாடகை கசக்கும். அந்த வாழைமரத்தைவிடக் கசக்காது.

வந்து சேர வழி இரண்டு. லோகன்ஏர் விமானம் அபர்டீன், எடின்பரோ, கிளாஸ்கோ, இன்வர்னஸ் நகரங்களிலிருந்து சம்பர்குக்கு வருகிறது. சிறிய விமானம் என்பதால் பெட்டியின் எடையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் அனுமதித்த எடை இங்கே செல்லாமல் போகலாம். இறங்கியதும் 6-ஆம் எண் பஸ் லெர்விக்குக் கொண்டுவந்து விடும். நெடுஞ்சாலை ஓடுபாதையின் ஓரத்தைக் குறுக்கே கடக்கிறது. நம் ஊர் ரயில்வே கேட் போலத் தடுப்பை இறக்கி, விமானம் போன பிறகுதான் வண்டிகளை விடுவார்கள்.

முதல் முறை வருகிறவர்களுக்கு என் யோசனை கப்பல்தான். குக்கர், இட்லிப் பானை, அரிசி மூட்டை என்று குடித்தனத்தையே சுமந்து வருகிறவருக்கு அதுதான் தோது. நார்த்லிங்க் கப்பல் அபர்டீனிலிருந்து மாலை 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7.30-க்கு லெர்விக் சேரும். வழியில் உள்ள ஆர்க்னி தீவுகளின் கிர்க்வால் துறைமுகம் வழியாகப் போகும் நாட்களில் 5 மணிக்கே கிளம்பிவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகம் அபர்டீன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். குழந்தைகளோடு வந்தால் அறை எடுத்தே தீருங்கள். கோடையிலும், ஜனவரி கடைசிச் செவ்வாயன்று நடக்கும் அப் ஹெல்லி ஆ தீத்திருவிழாவின்போதும் அறைகள் வெகு முன்பே தீர்ந்துவிடும்.

குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது. ஆட்டம் அதிகமானால் கண்ணை மூடிப் படுத்துவிடுவதே நல்லது. விடியற்காலையில் எழுந்து மேல்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். இடப்பக்கம் மரமே இல்லாத பச்சைக் குன்றுகள் மெல்ல எழுந்து வரும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது அந்தக் காலையில்தான்.

அபர்டீனிலிருந்து இங்கே வருவது உள்நாட்டுப் பயணம், குடிவரவுச் சோதனை கிடையாது. ஆனாலும் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். விசா இப்போது மின்வடிவில் இருப்பதால் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

குடியேறி முகவரிச் சான்று வந்ததும் தீவுவாசிகளுக்கான விமானக் கட்டணச் சலுகைக்குப் பதிவு செய்யுங்கள். சொந்தப் பயணங்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பாதி குறையும். கப்பலிலும் தீவுவாசிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பதிவு செய்யாமலே மாதக்கணக்கில் முழுக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பேச்சில் ஒரு குழப்பம் வரும். இங்கே 'மெயின்லாந்து' என்றால் ஸ்காட்லாந்து அல்ல. லெர்விக் இருக்கும் பெரிய தீவின் பெயரே அதுதான். ஸ்காட்லாந்துக்குப் போவதை 'சூத்', அதாவது தெற்கே போவது, என்பார்கள்.

குளிர்காலப் புயலில் கப்பல் ஓரிரு நாள் நின்றால் கடைகளில் பாலும் ரொட்டியும் காய்கறியும் காலியாகும். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு மாதத்துக்காவது இருப்பு வைத்திருங்கள். யெல், அன்ஸ்ட் தீவுகளில் வேலை என்றால், அங்கிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.