ராமநாதபுரம் கரையில் அதிசயங்களைக் கோட்டைவிடும் வழிகள்

ராமேஸ்வரம் என்றாலே விடியற்காலையில் வேன் ஏறி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்ற கணக்கு பலருக்குப் பழகிவிட்டது. அந்த ஒரு பகலுக்குள் பாம்பன் பாலம், கோயில், 22 தீர்த்தங்கள், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, நேரமிருந்தால் உத்தரகோசமங்கை என எல்லாம் அடங்கிவிட வேண்டும். இயற்கை செய்ததும் மனிதர் கட்டியதும் இந்தக் கரையில் அருகருகே இருப்பதால் இப்படி ஓர் ஆசை வருகிறது. ஆனால் இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. சிலவற்றுக்குப் பருவம் வேண்டும். ஒன்றுக்கு ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டும். தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பாம்பனில் ஆரம்பிப்போம். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, குடும்பமே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுப்பதை எந்த விடுமுறை நாளிலும் காணலாம். பின்னால் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கீழே தெரியும் ரயில் பாலத்தை மேலிருந்து பார்ப்பதைவிட அதன்மேல் போவதுதான் அனுபவம். மண்டபத்தில் பாசஞ்சர் ரயில் ஏறிப் பாம்பனில் இறங்கினால்கூடப் போதும். இரண்டு கிலோமீட்டருக்குச் சன்னலுக்கு வெளியே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. பழைய படங்களைப் பார்த்துவிட்டு, இரண்டாகப் பிளந்து மேலெழும் பாலத்தைத் தேடி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. கப்பலோ பெரிய படகோ கடக்கும்போதுதான் தூக்குவார்கள். அதற்காகக் காத்து நின்று மற்ற இடங்களை இழக்க வேண்டாம்.

கோயிலில் நடக்கும் தவறு வேறு வகை. அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடி, உடை மாற்றி, சன்னிதிக்குப் போய்த் திரும்புகிறார்கள். 1,212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரம் அவர்களுக்கு ஒரு வழுக்கும் நடைபாதை மட்டுமே. நீராடலையும் பிராகாரத்தையும் தனித்தனி வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில் நண்பகலுக்குப் பிறகு நடை சாத்திவிடும். மாலையில் திறந்ததும் காய்ந்த வேட்டியோடு, அவசரமில்லாமல் ஒரு சுற்று வரலாம். மேற்குப் பக்கத்துச் சொக்கட்டான் மண்டபத்தில் நின்றால் தூண் வரிசைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிந்து போவது தெரியும். செல்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை, நல்லவேளை. உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவந்தால் பாவம் போகும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அக்னி தீர்த்தக் கரையில் ஒதுங்கும் துணிக்குவியலைப் பார்த்தால் பாவம் எங்கே போயிற்று என்பது விளங்கும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றியும் இதே கதைதான்.

தனுஷ்கோடிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எல்லோரும் குறைவாக ஒதுக்குவதும் அதற்குத்தான். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பு மணலிலும் தண்ணீரிலும் வேன்கள் தத்தளித்துப் போகும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபிறகு எல்லோரும் நேராக முனைக்குப் போய் ஒரு படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். வழியில் பாழடைந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் எச்சத்தையும் கடந்து போவது பலருக்குத் தெரிவதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தேவாலயச் சுவரில் பவளப்பாறைக் கற்களின் துளைகளை இன்றும் பார்க்கலாம். அந்தச் சுவரில் பெயரும் அம்பு துளைத்த இதயமும் கீறிவைக்கிறவர்களிடம் சொல்ல எனக்கு நாகரிகமான சொல் எதுவும் இல்லை.

முனையில் நின்றதும் ஒருவர் சொல்லத் தொடங்குவார்: இந்தப் பக்கம் பெண் கடல், அமைதி, அந்தப் பக்கம் ஆண் கடல், சீற்றம். இதை நம்பி 'அமைதியான' பக்கத்தில் பிள்ளைகளை இறக்கிவிடுவதுதான் இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் உயிருக்கு ஆபத்தானது. வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக் காலத்தில் சோழகம் என்ற தென்காற்று வீசும்போது தெற்கு கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். வாடை பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை தலைகீழ். காற்றுக்கு ஏற்ப மாறும் இந்தச் சுபாவத்தை மீனவர்கள் பிறந்ததிலிருந்து அறிவார்கள். கோடை விடுமுறையில் மட்டும் வருகிறவர்களுக்குத்தான் ஒரு பக்கம் எப்போதும் சாதுவாகத் தெரிகிறது. தவிர, இரு நீரோட்டங்கள் சந்திக்கும் முனையில் எந்த மாதமும் குளிக்கக் கூடாது. காலடி மணலையே நீர் அரித்துக்கொண்டு போகும். மாலையில் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவதால், சூரிய அஸ்தமனத்தை முனையிலிருந்து பார்ப்பதாகத் திட்டம் போடாதீர்கள். காலையில் போங்கள். குளிர்காலமாக இருந்தால் சாலையோரக் கழிமுகத்தில் பூநாரைகள் நிற்கும். 2025இல் அவற்றுக்காகவே அப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

திரும்பும் வழியில் சங்கு வாங்குங்கள், தவறில்லை. பவளத் துண்டு, 'மிதக்கும் கல்' என்று யாராவது காட்டினால் தள்ளிப் போங்கள். பவளப்பாறை உயிரினங்களால் ஆனது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் வைத்திருப்பதே குற்றம். தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளை 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்ததே இவற்றைக் காப்பாற்றத்தான்.

உத்தரகோசமங்கை பற்றி ஒரு சொல். மரகத நடராசரைப் பச்சை ஒளியில் பார்க்கலாம் என்று சித்திரை வெயிலில் வந்து நிற்பவர்கள் உண்டு. வழக்கமாக ஆண்டு முழுவதும் அவர் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையையொட்டி மட்டுமே காப்பைக் களைவார்கள். அந்த நாளில் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் கோயில் அமைதியாக இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும்.

பறவைகள் விஷயத்திலும் இதே பிழை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றபிறகு, மே மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வறண்ட கண்மாயைக் காட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால்தான் கூழைக்கடாவும் நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் தை மாதத்திலும் ஒன்றும் இருக்காது. உள்ளூரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் நான் வெட்டக்கூடாத இடமாகச் சொல்வது காரங்காடு. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுச் சற்று விலகியிருக்கும் மீனவர் கிராமம். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். நண்பகலில் போகாதீர்கள், படகில் நிழல் கிடையாது. குடையும் உதவாது, காற்று விடாது, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.