மைனஸ் 20 குளிரிலும் பொங்கும் இட்லி மாவு: ஊற வைப்பது முதல் துணி உறை தைப்பது வரை

அம்மா சொல்லிக் கொடுத்த இட்லி மாவுக் கணக்கில் அரிசி உண்டு, உளுந்து உண்டு, வெந்தயம், உப்பு எல்லாம் உண்டு. வெயில் மட்டும் இல்லை. கும்பகோணத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. சாயங்காலம் கரைத்து வைத்த மாவு விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மார்கழி வந்தால் பாத்திரத்தை அடுப்புப் பக்கமாக நகர்த்தி வைப்பார்கள், அவ்வளவுதான்.

அதே கணக்கோடு அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜனவரி மாதம் மாவு அரைத்துப் பாருங்கள். வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். வீட்டுக்குள் ஹீட்டர் 20 டிகிரியில் ஓடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் நமக்கு அது போதும், மாவுக்குப் போதாது. மறுநாள் காலையில் மாவு வைத்தது வைத்தபடி இருக்கும். உடனே யாராவது ‘கைராசி’ பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண்களும், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மாணவர்களும் அதைக் கேட்டு மனசு விட்டுப்போய், பாக்கெட் மாவே கதி என்று இருந்துவிடுகிறார்கள்.

மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமான வேலை லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்கிற பாக்டீரியாவுடையது. அது உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிறது. யார் கையிலிருந்தும் வர வேண்டியதில்லை. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அது புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. உளுந்தின் புரதமும் வழவழப்பும் அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. இதெல்லாம் சுறுசுறுப்பாக நடக்க 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதாவது 82 முதல் 90 ஃபாரன்ஹீட். ஆகவே குளிர்நாட்டில் சூட்டையும் ஒரு சாமானாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அரிசியைப் போல அதையும் அளந்துதான் சேர்க்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

இட்லி அரிசி 4 கப், முழு உருட்டு உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன், கெட்டி அவல் கால் கப், கல் உப்பு ஏறக்குறைய 1 டேபிள்ஸ்பூன். கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைப்பவர்கள் அரிசியை 3 கப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் உளுந்து அவ்வளவாகப் பொங்கி வராது. இவற்றோடு சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று. விலை அதிகமில்லை, தயிர் உறை ஊற்றவும் உதவும்.

உளுந்து வாங்கும்போது பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். இங்கே இந்தியக் கடைகளில் சில பாக்கெட்டுகள் மாதக்கணக்கில் தட்டிலேயே கிடக்கும். பழைய உளுந்து எவ்வளவு அரைத்தாலும் உபரி காணாது. அரிசியில் அந்தளவு கவலை வேண்டாம். இட்லி அரிசி கிடைக்காத ஊரில் இருந்தால் அமெரிக்க மளிகைக் கடையில் விற்கும் புழுங்கல் அரிசியே போதும். இந்தியக் கடைகள் அதிகம் இல்லாத காலத்தில் இங்கே வந்தவர்கள் அங்கிள் பென்ஸ் புழுங்கல் அரிசியிலும், கிரீம் ஆஃப் ரைஸ் என்னும் அரிசி ரவையிலும் இட்லி செய்து பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். அங்கிள் பென்ஸ் இப்போது பென்ஸ் ஒரிஜினல் என்ற பெயரில் வருகிறது.

ஊற வைத்தல்

அரிசியைக் களைந்து, கை பொறுக்கும் வெந்நீரில் 5, 6 மணி நேரம் ஊற வையுங்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் ஐஸ் போல வரும், அதில் அரிசி மெதுவாகத்தான் ஊறும். உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்து சாதாரணத் தண்ணீரில் 4 மணி நேரம். உளுந்தைப் பளபளவென்று ஆகும்வரை தேய்த்துக் கழுவ வேண்டாம், இரண்டு முறை அலசினால் போதும். அரைக்க அரை மணி நேரம் இருக்கும்போது அவலை நனைத்து வையுங்கள்.

அரைத்தல்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீர், அரிசிக்கு வெதுவெதுப்பான தண்ணீர்.

உளுந்து அரையும்போது சூடேறினால் பொங்கும் குணம் குறையும். அதனால் ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் கை கையாகத் தெளித்து அரையுங்கள். கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம் ஆகும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், நடுநடுவே ஜாருக்கு ஓய்வு கொடுங்கள். மாவு வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக, விரலில் எடுத்தால் நுனியில் கூம்பாக நிற்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் சிறு உருண்டையாகப் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பதம் வந்துவிட்டது. மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் அரைக்க வேண்டும்.

உளுந்தை வழித்தெடுத்துவிட்டு அரிசியையும் அவலையும் போடுங்கள். ஊர் வழக்கப்படி பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் 40 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீர் ஊற்றி அரையுங்கள். மெல்லிய ரவைப் பதம் போதும், சந்தனம் போல மசிந்துவிட்டால் இட்லி அழுத்தமாக இருக்கும். இரண்டையும் கலந்த பிறகு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 28 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால், பெரிய தட்டில் வெந்நீர் ஊற்றி மாவுப் பாத்திரத்தைப் பத்து நிமிடம் அதில் உட்கார வைத்து, அடியிலிருந்து கிளறிவிட்டு மறுபடி பாருங்கள்.

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் பார்ப்பது மகளின் பொறுப்பு. “இருபத்தொன்பது புள்ளி நாலு!” என்று அவள் கூவினால்தான் நான் மூடியை எடுப்பேன். வீடியோ அழைப்பில் இதைப் பார்த்த அம்மா, “என்னடி இது, மாவுக்கு ஜுரம் பார்க்கறேள்?” என்று கேட்டாள். “ஆமாம் பாட்டி, ஜுரம் வந்தாதான் பொங்கும்” என்று பேத்தி பதில் சொன்னாள். அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் மாவு அரைக்கத் தோன்றினால், எத்தனை டிகிரி வேண்டும் என்று யாரையும் கேட்காமலே தெரியும். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

உப்பை எப்போது போடுவது என்பதில் ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் உண்டு. குளிரில் முதலில் போட்டால் மாவு பொங்காது, பொங்கின பிறகு போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் முதலிலேயே போட்டுவிடுவேன். சூடு சரியாக இருந்தால் இந்த அளவு உப்பு எதையும் தடுப்பதில்லை. பின்னால் போட்டுக் கலக்கினால் பொங்கி நிற்கும் காற்றுதான் வீணாகப் போகும்.

கடைசியாக, பழைய புளித்த மாவு இரண்டு மூன்று கரண்டி இருந்தால் சேர்த்துக் கையால் நன்றாகக் கலந்துவிடுங்கள். குளிர்காலத்தில் இது பெரிய ஒத்தாசை. பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் மாவு இருக்கக் கூடாது.

சூட்டைக் காப்பாற்றுதல்

உங்களிடம் இருப்பதைப் பொறுத்து வழியைத் தேர்ந்தெடுங்கள். பழைய மாடல் ‘அவன்’ (oven) அடுப்பு என்றால் அதை மூட்டாமல் உள் விளக்கை மட்டும் போட்டு மாவை வையுங்கள். அந்தக் குண்டு பல்பின் சூடே உள்ளே இதமாக வைத்திருக்கும். புது அவன்களில் எல்இடி விளக்கு இருந்தால் அது சூடு தராது, பக்கத்தில் ஒரு கிண்ணம் கொதிநீர் வைக்க வேண்டும். எந்த அவனாக இருந்தாலும் கதவில் ‘உள்ளே மாவு’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பீட்சாவுக்காக அவனை மூட்டிவிட்டால் மாவு அங்கேயே வெந்துவிடும். இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின்சாரக் குக்கர் வைத்திருப்பவர்கள் யோகர்ட் பொத்தானை அழுத்தி, கண்ணாடி மூடி போட்டு வைக்கலாம். அதில் சூடு கொஞ்சம் அதிகம், எட்டு மணி நேரத்திலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழிக்கு மின்சாரமே வேண்டாம். கோடையில் பிக்னிக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி குளிர்காலம் முழுக்க கராஜில் சும்மாதானே கிடக்கிறது? வெளியே இருக்கும் சூட்டை உள்ளே வரவிடாத அந்தப் பெட்டி, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விடாது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் விடும்வரை வைத்திருங்கள். பிறகு மாவுப் பாத்திரத்தைத் துணி உறையில் போட்டு உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒவ்வொன்று வைத்து மூடிவிடுங்கள். படுக்கப் போகும் முன் பாட்டில்களில் வெந்நீரை மாற்றினால் காலை வரை கவலையில்லை.

துணி உறை தைப்பது

அலமாரியில் ஒரு பழைய நூல் புடவை இருக்கும். ஓரம் கிழிந்திருக்கும், கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. எனக்கு அது அம்மாவின் சுங்குடிப் புடவை. அதைத்தான் இதற்கு எடுத்தேன். ஊசி பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

பாத்திரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 75 செ.மீ., உயரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். துணியின் தடிமனுக்காக 6 செ.மீ., இரண்டு ஓரத் தையலுக்கு 3 செ.மீ. கூட்டினால் அகலம் 84. உயரத்தில் கீழ்த் தையலுக்கு 1.5, மேலே சுருக்கிக் கட்ட 10, நாடா மடிப்புக்கு 3.5 சேர்த்தால் 35. ஆக 84-க்கு 35 செ.மீ. அளவில் புடவைத் துணி இரண்டு துண்டு. அடிப்பாகத்துக்கு 29 செ.மீ. குறுக்களவில் வட்டமாக இரண்டு துண்டு.

நடுவில் வைக்கப் பழைய ஃப்ளீஸ் கம்பளி சரியாக இருக்கும். வட்டத்துக்கு முழு அளவில் வெட்டுங்கள். நீளத் துண்டுக்கு மட்டும் 84-க்கு 21.5 போதும். மேல்பகுதியிலும் கம்பளியை விட்டால் உறை மொத்தமாகி, நாடாவை இழுத்தால் சுருங்காது.

இரண்டு புடவைத் துண்டுகளுக்கு நடுவே கம்பளியைக் கீழ் ஓரத்தோடு ஒட்டி வைத்து, சுருக்கம் இல்லாமல் தடவி, குண்டூசி குத்துங்கள். மூன்று விரல் இடைவெளியில் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள். கையால் போட்டால் நூலை இறுக்கி இழுக்க வேண்டாம். இறுக்கினால் கம்பளி அமுங்கிவிடும், அதில் தங்கும் காற்றுதான் சூட்டைக் காப்பது. வட்டத்தையும் இப்படியே தையுங்கள். பிறகு நீளத் துண்டின் இரண்டு பக்க ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்து வட்டத்தை அடியில் இணையுங்கள். வளைவில் தைக்கும்போது அவசரம் வேண்டாம், நான்கு இடத்தில் முதலில் குண்டூசி குத்திக்கொண்டால் கோணல் வராது. மேல் ஓரத்தைப் பாவாடைக்கு மடிப்பது போல மடித்துத் தைத்து, சின்ன திறப்பு விட்டு நாடா கோர்த்துத் திருப்பினால் உறை தயார்.

பாத்திரத்தை உள்ளே வைத்து, மூடிமேல் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: உறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைத் தக்கவைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த மாவை அதில் வைத்தால் குளிர்ந்தபடியேதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரிசியை அரைக்கச் சொன்னது அதனால்தான்.

பொங்கியதா என்று பார்த்தல்

30 டிகிரியில் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். 25 டிகிரி என்றால் 14, 16 மணி நேரம்கூடப் பிடிக்கும். கடிகாரத்தைவிட மாவை நம்புங்கள். அளவு இரண்டு மடங்காக ஏறி, மேலே லேசாக மேடிட்டு, கரண்டியால் ஓரத்தைத் தள்ளினால் உள்ளே சல்லடைக் கண்ணாகத் தெரிய வேண்டும். இதமான புளிப்பு வாசனை வரும். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பொங்கவில்லையே என்று ஈஸ்ட் சேர்ப்பவர்கள் உண்டு. மாவு உப்பும், ஆனால் இட்லியில் ரொட்டி வாசனை வரும். அதற்குப் பதில் இன்னொரு முறை வெந்நீர் பாட்டில் மாற்றி நான்கு மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

கோடையில் இதில் எதுவுமே வேண்டாம். ஜூலையில் அம்மா இங்கே வந்திருந்தபோது சமையலறை மேடையிலேயே மாவை வைத்தாள், காலையில் கும்பகோணத்தில் பொங்குவது போலவே பொங்கியிருந்தது.

வேக வைத்தல்

பொங்கிய மாவை அடிவரை கலக்காதீர்கள். மேலாக, ஒரு பக்கத்திலிருந்து கரண்டியால் அள்ளி ஊற்றுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை இறக்க வேண்டும். ஈரத் துணி விரித்து ஊற்றினால் இன்னும் மெத்தென்று வரும், இல்லாவிட்டால் தட்டில் நல்லெண்ணெய் தடவலாம். 10 முதல் 12 நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. வெளியே எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கரண்டியால் நெம்பி எடுங்கள்.

மிச்ச மாவில் முதல் வேலையாக அடுத்த முறைக்கு அரைக் கிண்ணம் தனியாக எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீதியில் அடுத்த இரண்டு நாள் இட்லி நன்றாக வரும். அப்புறம் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தோசை. புளிப்பு ஏறிவிட்டால் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடுகு தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள், பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவுக்கு ஆறிப்போனாலும் நன்றாக இருக்கும்.